பதினேழு ஆற்றை?

லிபரோவுக்கு வேற நிறச் சட்டை.
அஞ்சு பேர் நீலம், நான் மஞ்சள்.
கூட்டத்துக்குள்ள ஒளிய ஏலாது.

சேர்விஸ் போட உரிமையில்லை,
எழும்பி அடிக்க உரிமையில்லை,
வாறதை எடுக்கலாம். அவ்வளவுதான்.
வாறதை எடுக்கிறதுக்கு
மாலைதீவில ஒரு கிளப்
மாசம் எண்ணூறு டொலர் தந்தது.
அவரங்கால் சந்தியில என்ர படம்
மழையில நனைஞ்சு நனைஞ்சு சிரிச்சது.

ரெண்டு பேருக்கு நடுவில பந்து வந்தால்
ஒருத்தன் கத்தவேணும்:
"என்ரை!"
கத்தினால் மற்றவன் விலகுவான்.
கத்தாட்டி
ரெண்டு நல்ல விளையாட்டுக்காரர்
ஆளையாள் பாத்துக்கொண்டு நிக்க
பந்து சும்மா விழும்.

பன்ரெண்டு வருசம் கத்தினனான்.
செம்மண் கோட்டிலயும்
வழுக்குற மரத் தரையிலயும்.

மாலே. அரையிறுதி. இருபத்துமூண்டுக்கு இருபத்துநாலு.
மெதுவான பந்து, சின்னப் பிள்ளையும் எடுக்கும்.
வாய் திறந்தது.
சத்தம் வரேல்ல.

உண்மையைச் சொன்னால்
அது அண்டைக்குத் தொடங்கினதில்லை.
அதுக்கு முதலே நித்திரை போட்டுது.
அதுக்கு முதலே
சோறு வாய்க்குள்ள கடதாசியாய்ப் போட்டுது.
அறையில கூட இருந்தவன் செல்றின்,
குருநகர்ப் பெடியன்.
அவனுக்குக் கேக்கக் கூடாதெண்டு
ஷவரைத் திறந்து விட்டிட்டுத்தான் அழுதனான்.

கிளப் ஒரு படிவம் தந்தது.
அதில மனுச உடம்பு ஒண்டு, வெறுங் கோடாய்,
முன்பக்கம், பின்பக்கம்.
நோகிற இடத்தில புள்ளடி போடட்டாம்.
பேனையோட கனநேரம் இருந்தன்.
கடைசியில முழங்காலில போட்டன்.
முழங்கால் எண்டால் எல்லாரும் நம்புவினம்.

நம்பிச்சினம்.
ஐஸ் வந்தது, ஸ்கான் எடுத்தது,
ஒண்டுமில்லை எண்டு வந்த பிறகும்
ஓய்வு எண்டு எழுதித் தந்தது.
பாவம், அந்த முழங்கால்,
செய்யாத குற்றத்துக்குப் பட்டி கட்டிக்கொண்டு
பருத்தித்துறை ரோட்டு முழுக்கத் திரிஞ்சது.
பஸ்ஸில கொண்டக்டர் எழுப்பி இடம் எடுத்துத் தருவான்.
நானும் நொண்டி நொண்டிப் போய் இருப்பன்.
சில நாள் எந்தக் கால் எண்டும் மறந்துபோடும்.

ஒரு இரவு செல்றின் எடுத்தான்.
மச்சான், அந்தத் தண்ணிச் சத்தம் எனக்குக் கேட்டது.
ஒவ்வொரு நாளும் இருபது நிமிசம்.
ஒருத்தனும் அவ்வளவு நேரம் குளிக்கிறேல்ல.
நீ ஆருக்கும் சொல்லுவாய் எண்டு நானும்,
நான் கேப்பன் எண்டு நீயும்.
நடுவில விழுந்திட்டுதடா.
பிறகு கொஞ்சநேரம் பேசேல்ல.
பிறகு சொன்னான்:
நானும் ரெண்டு வருசத்துக்கு முதல் போனனான்.
பெரியாஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை.
எங்கட வீட்டில இண்டைக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை.
துண்டில பதினேழு எண்டு எழுதியிருந்தது.
பக்கத்தில இருந்தவர் பாத்தார், திரும்பவும் பாத்தார்.
"தம்பி அவரங்கால் லிபரோ எல்லே?
ஆரைக் கூட்டிக்கொண்டு வந்தனீர்?"
"அம்மாவை."
"எங்க அவ?"
"தண்ணி குடிக்கப் போட்டா."
வீட்டில கீரை ஆய்ஞ்சுகொண்டிருந்த மனுசியை
ஒரு சொல்லில நோயாளி ஆக்கினன்.

"பதினேழு."
ஒருத்தரும் எழும்பேல்ல.
"பதினேழு ஆற்றை?"
அவர் என்னைப் பாத்தார்.
நான் அவரைப் பாத்தன்.
வாங்கில இருந்தபடியே
என்ர குதி நிலத்தை விட்டு எழும்பினதை
நான் பிறகுதான் கவனிச்சன்.

"என்ரை!"

கோட்டில கத்துற சத்தம் அது.
ஒரு குழந்தை திடுக்கிட்டு அழுதது.
முன்னுக்கு நிண்ட பெட்டை சிரிச்சாள்.
அவர் ஒண்டும் சொல்லேல்ல,
காலை மடக்கி வழி விட்டார்.

உள்ள இருந்த டொக்டருக்கும் என்னைத் தெரிஞ்சிருந்தது.
"முழங்கால் இப்ப எப்பிடி?" எண்டா.
"அது ஒருநாளும் நோகேல்ல" எண்டன்.

அண்டைக்கு அவ்வளவுதான் சொல்ல ஏலுமாய் இருந்தது.
அடுத்த செவ்வாய்க்கும் துண்டு தந்தவ.