எவரிஸ்தோவின் பழுப்பு

வீட்டின் கால்கள் சேற்றில் நிற்கின்றன.
நாளுக்கு இரண்டு தடவை கடல் தரைக்கடியில் வந்து
பலகை இடுக்கில் மூச்சு விட்டுவிட்டுப் போகிறது.
நீர் ஏறும்போதுதான் எனக்கு வரைய வருகிறது.
ஏன் என்று கேட்காதீர்கள்,
காஸ்த்ரோவில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

முதலில் அழுக்கு.
நேற்றுத் தூரிகை கழுவிய நீரைத் துணிமேல் கொட்டி
எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்ப்பேன்.
பிறகு கை போகும்.
நடுவில் அடுப்புக்கு விறகு வைப்பேன்,
உருளைக்கிழங்கு உரிப்பேன்,
திரும்பி வந்து
யாரோ விட்ட இடத்திலிருந்து தொடர்வேன்.

யாரோ என்று எழுதினேன். பொய்.

எங்களுக்குள் பதினோரு நிமிடம். அவன் முந்தி.
வெளியே மழையா, பார்த்துச் சொல் என்று
நீதான் அவனை அனுப்பிவைத்தாய், என்பாள் அம்மா.
மழைதான். இந்தத் தீவில் வேறென்ன.

அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று.
இரண்டையும் பழுப்பு என்பான்.
அதிலேயே நாற்பது வைத்திருந்தான்:
ஈரக் கயிற்றுப் பழுப்பு, திங்கட்கிழமைப் பழுப்பு,
கோபம் வந்தால் உன் காதில் ஏறும் பழுப்பு.
முர்த்தா பழம் பறிக்கக் கண்ணை மூடிக்கொள்வான்.
விரல் தேடும்.
அவன் கூடைதான் முதலில் நிறையும்.
துறைமுக விளக்கில் எது வலம் எது இடம் என்று தெரியாமல்
படகு உரிமம் கிடைக்கவில்லை.
பத்தொன்பது வருடம் சிப்பிப் பண்ணையில் கயிறு இழுத்தான்.

என் படங்களை வெளிச்சம் மங்கிய பிறகுதான் பார்ப்பான்.
"இப்போதுதான் ரெண்டு பேரும் ஒரே படத்தைப் பார்க்கிறோம்."
விளக்குப் போட விடமாட்டான்.

ஆகஸ்ட். லெமுய் தீவில் வேலை.
வயிற்று வலி என்று தொலைபேசியில் சிரித்தான்.
குடல்வால்.
புயலில் ஃபெர்ரி கடக்கவில்லை, ஒன்றரை நாள்.
அந்த நீர் அகலமே இல்லை,
எதிர்க்கரையில் நாய் குரைத்தால் இக்கரை நாய் பதில் சொல்லும்.
அன்றிரவு எனக்கும் வலப்பக்கம் வலித்தது
என்று எழுதினால் நன்றாக இருக்கும்.
வலிக்கவில்லை.
நான் நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சிவப்பு, பச்சை,
புள்ளிமேல் புள்ளி.
பாசி என்றார்கள். காடு என்றார்கள்.
சந்தியாகோவிலிருந்து வந்த அம்மாள்
துயரம் என்று சொல்லிவிட்டு விலை கேட்டாள்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
கை போனது, நான் விறகு வைத்தேன்.

போன வியாழன்
எரிவாயு உருளை கொண்டுவரும் சிகுவாய்
மகனையும் கூட்டிவந்தான். நிபால்தோ, எட்டு வயது.
ஒரு காலில் சிவப்புக் காலுறை, மறுகாலில் பச்சை.
அப்பன் உருளை மாட்டும்வரை
ஈரம் காயாத படத்தின் முன்னால் நின்றான்.
பிறகு, வாசலில் பூனை நிற்கிறது என்று சொல்வதுபோல்,
"படகில் இருக்கிற ஆள்
ஏன் நமக்கு முதுகைக் காட்டுறார்?"

எந்தப் படகு?

விரலை வைத்தே காட்டினான்.
இது துடுப்பு. இது தொப்பி.
இங்கே கயிறு, கையில் சுற்றியிருக்கார், பாருங்க.
சிகுவாய்க்கு முகம் செத்துவிட்டது:
"பையனுக்கு நிறம் சரியாகத் தெரியாது, சென்யோரா,
படத்தைக் கெடுத்துட்டான்."

அவர்கள் போன பிறகு பக்கத்தில் நின்று பார்த்தேன்.
தள்ளி நின்று பார்த்தேன்.
பாசி. காடு.
மாலை வந்தது, விளக்குப் போடவில்லை.
ஏதோ ஒரு முதுகு போலத்தான் இருந்தது,
ஆனால் நான் ஆசைப்பட்டால் சாக்குமூட்டையிலும் முதுகு தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டேன்.
சாயத்தில் பையன் விரல் ஓடிய பள்ளம் இருந்தது.
அதிலேயே போனேன்: துடுப்பு, கயிறு, தோள்,
தொப்பிக்குக் கீழே காது இருக்கவேண்டிய இடம்.
அங்கே கொஞ்சம் வைத்தேன்,
எந்தக் குப்பி என்று பார்க்காமல்.

தரைக்கடியில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது.
நான் நிறுத்தவில்லை.