பதினாலு பை

கட்டடக் குழுவின் பொருளாளர் நான்.
பற்றுச்சீட்டுகள் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள்,
மாதவாரியாய் றப்பர் வளையம் போட்டு.
மல்லாவி வெயிலுக்கு வளையம் இளகிக்
கடதாசியோடு ஒட்டிக்கொள்ளும்.
பிரித்தால் கொஞ்சம் எழுத்தும் சேர்ந்து வரும்.

எண்பதடி நீளம், முப்பத்திரண்டடி அகலம்.
வரைபடத்தில் மணிக்கூண்டும் இருந்தது,
முதல் மாதமே அது போயிற்று.
பிறகு பக்க விறாந்தை.
பிறகு எண்பது அறுபத்தெட்டானது.
ஆண்டவருக்கு இடம் காணும் என்றார் யூட்ரதன் சுவாமி,
ஆட்களுக்குத்தான் நெருக்கம்.

ஸ்காபறோ எமில்தாஸின் காசு
மணிக்கூண்டுக்கு மட்டும்:
தாயின் பெயர் கறுப்புக் கல்லில்
றோட்டிலிருந்து தெரியவேண்டும்.
அத்திவாரத்தில் பெயர் வெட்டச் சொல்லி
ஒருவரும் கேட்பதில்லை.
அது முழுக்க ஊர்ச்சனத்தின் நெல்மூட்டை,
ஒரு சோடித் தோடு,
அன்னம்மாவின் கடாய் ஆடு.

பழைய கோயிலில் மிஞ்சியது ஒரு சுவர்.
ஷெல் துளைத்த ஓட்டைக்குள் மைனாக் கூடு.
விட்டுவைக்கச் சொல்லி அரைவாசிப் பேர்,
இடிக்கச் சொல்லி அரைவாசி.
மேசன் தவநாதன் ஒட்டுசுட்டான் ஆள்,
சிவன் கோயில் திருவிழாவுக்கு லீவு கேட்கிறவர்.
அளவுநாடாவைச் சுருட்டியபடி சொன்னார்:
'உடைச்சு உள்ளுக்க நிரவினா
பதினொரு லோட் கிரவல் மிச்சம்.'
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
குஞ்சுகள் பறக்கும்வரை பத்து நாள் பொறுத்தோம்.
குழு ஏகமனதாய் எடுத்த
ஒரேயொரு தீர்மானம் அது.

இப்போது பழைய கோயிலின் மேலேதான்
முழங்காலில் நிற்கிறோம்.
கொப்பியில் அந்த வரிக்கு நேரே
செலவு: இல்லை.

பிறகு அந்த வருஷம் வந்தது.
சீமெந்துக்குக் காலையில் ஒரு விலை,
சந்திக்குப் போய்ச் சேர வேறு விலை.
டீசல் இல்லாமல்
கொங்கிறீற் மிக்சர் தறப்பாள் போர்த்துப் படுத்தது.
சுவாமியின் அறைக்குள் பலகை அடுக்கி
அதன்மேல் நூற்றிப்பத்துப் பை.
சாவி என் கழுத்தில், சங்கிலியோடு.

விஜிதமலர் எங்கள் கோயிலுக்கு வருகிறவள் இல்லை.
வீட்டுத்திட்டத்தின் மூன்றாம் கட்டக் காசு வராமல்
லின்ரல் மட்டத்தில் நின்றது அவள் வீடு.
மூன்று பிள்ளைகள். கார்த்திகை மழை தொடங்கிற்று.
அவள் என்னிடம் கேட்க வரவில்லை.
கேட்டிருந்தால்
குழுவில் கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருப்பேன்.

தவநாதனின் லான்ட்மாஸ்டரில் பதினாலு பை,
போத்தலில் ஒளித்துவைத்த கடைசி டீசல்.
லைற் போடவில்லை.

எழுதினேன்:
ஈரம் பட்டு இறுகியது – 14.
என் எழுத்துத்தான்.
கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

கணக்குப் பார்க்க வந்த மடுத்தீன் மாஸ்டர்
இறுகின பை எங்கே என்றார்.
'கிடங்குக்க போட்டாச்சு'
என்னை முந்திக்கொண்டு தவநாதன் சொன்னார்.
எந்தக் கிடங்கு என்று அவர் கேட்கவில்லை.
பென்சிலால் சின்னதாய் ஒரு கேள்விக்குறி போட்டார்.
அழிறப்பர் என்னிடம் இருக்கிறது.
அழிக்கவில்லை.

வாசலுக்கு நாலு படி கீறியிருந்தது.
மூன்றோடு சீமெந்து முடிந்தது.
மூன்றாவதிலிருந்து உள்ளே போக
பன்னிரண்டு அங்குலம் காலைத் தூக்கவேண்டும்.
அபிஷேகத்தன்று ஆயர்
அங்கியைக் கொத்தாய்ப் பிடித்துக்கொண்டு ஏறினார்,
சுவாமி முழங்கை கொடுத்தார்.
பின்னால் ஆரோ முணுமுணுத்தார்கள்:
'ஆர் பாத்த வேலை இது?'

போன கூட்டத்தில் ஒரு பிரேரணை:
அந்தப் படியைப் போட்டுவிடுவோம்,
இப்போது காசு இருக்கிறதுதானே.
விதிப்படி மூன்று விலைமனு வேண்டும் என்றேன்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
தவநாதன் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விலைமனு இன்னும் நான் கேட்கவில்லை.
ஞாயிறு காலை
செபமாலையை இடக்கைக்கு மாற்றி
வலக்கையால் நிலையைப் பிடித்து
ஏறுகிறேன்.
எனக்கும் முழங்கால் நோகிறது.