முப்பத்து மூன்றாவது துளை

கிளைபெதா துறைமுகத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம்.
பதினொரு மேசை, பதினொரு கீபோர்டு, பதினொரு மவுஸ்.
கணினி ஒன்றுகூட இல்லை.
அவையெல்லாம் நான்கு தளம் கீழே
குளிரறையில், இருட்டில்.
நடுவில் ஒரு பெட்டி.
எந்தக் கை எந்தக் கணினியைத் தொடலாம் என்று
பத்தொன்பது வருடமாக
அதுதான் தீர்த்துவைக்கிறது.

பெட்டிக்கு முப்பத்திரண்டு துளை.
முப்பத்திரண்டும் நிறைந்தாயிற்று.
தெற்கு வாயிலுக்கென்று வந்த புது ராடார்
மரச்சட்டத்தைவிட்டு இன்னும் இறங்கவில்லை.
இடமில்லாத வீட்டுக்கு வந்த விருந்தாளியாக
நடைவழியில் நிற்கிறது.

என் மேசையில் இரண்டு விலைப்பட்டியல்.

ஒன்று, இதைவிடப் பெரிய பெட்டி.
அறுபத்து நான்கு துளை, மேசைக்கு ஒரு தனி இழை.
சொன்னதும் திரும்பும். சொல்லாவிட்டால் சும்மா இருக்கும்.
அறுபத்தைந்தாவதைப் பற்றி மட்டும்
அதனிடம் பேச்செடுக்கக் கூடாது.

மற்றதில் பெட்டியே கிடையாது.
திரையும் விசையழுத்தமும் பொட்டலம் பொட்டலமாக
அலுவலக நெட்வொர்க்கில் போய் வரும்.
எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம்.
'எல்லையே இல்லை' என்றான் விற்க வந்த பையன்.
எல்லையில்லாத எதையும்
நான் இதுவரை பழுதுபார்த்ததில்லை.

வைதோத்தஸை உட்காரவைத்தேன்.
இரண்டு திரை. எது எது என்று சொல்லவில்லை.
கறுப்பு ரொட்டியை மென்றபடி
இங்கே ஒரு வட்டம் சுழற்றினான், அங்கே ஒன்று.
"இது என் கை" என்றான்.
"அது கையுறை போட்ட கை."
அளந்தேன். ஒரு ஃபிரேமுக்கும் குறைவு.
கண்ணுக்குத் தெரியாது என்கிறது கையேடு.
கையேடு அவன் மணிக்கட்டைக் கேட்டதில்லை.

சரி, பெட்டிதான் என்று
பாதி அறிக்கை எழுதிவிட்டுப் படுத்தேன்,
சோதனை மேசைக்குப் பின்னால், கோட்டைப் போர்த்திக்கொண்டு.

மூடுபனி இரண்டு மணிக்கு வந்தது.
முதலில் எதிர்க்கரை மணல்திட்டு போனது,
அப்புறம் கலங்கரை விளக்கம்,
அப்புறம் எங்கள் பால்கனிக் கம்பி.
கீல் நகரத்து ஃபெரி வாயிலில் நுழையும்போது
கீழே பெட்டியின் விசிறி ஒருமுறை இருமி
நின்றது.

பதினொரு மேசையும் ஒரே கணத்தில் கறுத்தன.

"ஸ்கிர்மான்தே, உன் கையுறை எங்கே!"
நாற்காலியோடு உருண்டு வந்தான் வைதோத்தஸ்.
சோதனைக்கு நான் இழுத்திருந்த ஒற்றைக் கம்பியில்
ராடார் இன்னும் உயிரோடிருந்தது.
கப்பல் ஒரு பச்சை அரிசி.
ஒரு கையில் ரேடியோ, ஒரு கையில் மவுஸ்,
அரிசியை வாய்க்காலுக்குள் பேசிப் பேசி நகர்த்தினான்.

நான்கே காலுக்கு அரிசி தத்தியது.
நின்றது. இரண்டு கப்பல் நீளம் தாண்டிக் குதித்தது.
கணக்குப் பிரிவின் இரவு பேக்கப்.
வருடம் முழுதுக்குமான ரசீதுகள்
கப்பல் போகும் அதே கம்பியில்.
நான்கு தளம் படியில் ஓடினேன்.
யாரையும் கேட்காமல் பிடுங்கினேன்.
அந்த ரசீதுகள் எங்கே போயினவோ,
கப்பல் கரைக்கு வந்தது.

காலையில் இயக்குநர் கேட்டார்:
ஒரே வார்த்தையில் சொல். பெட்டியா, நெட்வொர்க்கா?

எழுதினேன்: நெட்வொர்க்.
ஆனால் ரசீதுக்குக் கதவு திறக்காத நெட்வொர்க்.
தனி இழை, தனி சுவிட்ச், ஒவ்வொன்றிலும் இரண்டு.
அதோடு, எதன் வழியும் போகாமல்
ராடாரிலிருந்து நேரே வைதோத்தஸின் மணிக்கட்டுக்கு
இன்னொரு கம்பி.
அது எந்த விலைப்பட்டியலிலும் இல்லை.

கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பியிருக்கிறது.
ஓரத்தில் பென்சிலில்:
'ஒரு கைக்கு எதற்கு இரண்டு பாதை?'

பதில் இன்னும் போடவில்லை.
ராடார் நடைவழியில்தான் இருக்கிறது.
அதன் மரச்சட்டத்தின்மேல் யாரோ
காபிக் கோப்பை வைக்கப் பழகிவிட்டார்கள்.