இடது சுண்டுவிரல்

கருவியைத் துண்டால் துடைத்தேன்.
அவள் விரலைச் சேலையில் துடைத்தாள்.
மறுபடி வைத்தாள்.
பொருந்தவில்லை என்றது திரை.

நட்டாலம் முக்கில்
ரீசார்ஜ் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவே என் மேசை.
பஸ் ஏறிப்போய் வரிசை நின்றால்
அரைநாள் கூலி போகும் என்பவர்களுக்கு
நான்தான் வங்கி,
ஆயிரத்துக்கு மூன்றோ நான்கோ ரூபாய் கமிஷனில்,
சிக்னல் இருக்கும்வரை.

சுகந்தபாய்க்கு அண்டி ஆபீஸில் தல்லு வேலை.
பதினெட்டு வருஷம்.
தோட்டில் ஊறும் எண்ணெய்
சாம்பல் பூசினாலும் விடாது.
கறுக்க வைக்கும், உரிக்கும்,
கடைசியில் ரேகையைக் கேட்கும்.
பருப்பு முழுசாக வந்தால்தான் கூலி.
முழுசாக எடுத்து எடுத்து
பெருவிரலும் பருப்புப்போல வழுவழுத்துவிட்டது.

கணக்கில் நாலாயிரத்து அறுநூறு.
எனக்குத் தெரிகிறது. கொடுக்க முடியவில்லை.
"பைசா உண்டும்னு சொல்லுதிய. தரமாட்டேங்குதிய."
"நான் இல்ல மைனி, மெஷின்."
"நேத்து சந்தையில என்னக் கண்டு சிரிச்சது
நீயா பிள்ளே, மெஷினா?"

மகனுக்குப் பரீட்சைக் கட்டணம்,
அன்றைக்குக் கடைசி நாள்.
தாசையனுக்கு விரல் வேண்டாம்.
இருட்டில் இருமலை வைத்தே ஆளைச் சொல்வார்.
ஆயிரம் என்று எழுதி
தொள்ளாயிரம் எண்ணுவார்.
போகாதீங்க என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
என் பெட்டியில் இருந்தது வங்கியின் பணம்.
என் பையில் இருந்தது பஸ் காசு.

பிறகொரு நாள் லீவு போட்டு
கிளையில் நின்று எடுத்தாள்.
எடுத்தது தாசையன் வீட்டுக்குப் போனது.

ஆனி மழையில் கொட்டை வரத்து இல்லை.
ஆபீஸைப் பூட்டினார்கள்.
இருபத்து மூன்றாம் நாள்
பக்கத்துக் கடைக்கு ரீசார்ஜுக்கு வந்தவளை
சும்மா வைத்துப் பாருங்க என்றேன்.
பெருவிரல் இல்லை. ஆள்காட்டி இல்லை.
வலது கை முழுக்க இல்லை.
மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.
கோழிக்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.
ஒன்பதும் போன பிறகு
இடது சுண்டுவிரல்.

பொருந்தியது.

இளஞ்சிவப்பில் புதுத்தோல்.
அதில் மெலிசாக நாலைந்து கோடு.
இருப்பு இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.
"அப்போ பட்டினி கெடந்தாத்தான்
எனக்க பேரு எனக்கா?"

நான் படிவங்களை அடுக்குவதுபோல அடுக்கினேன்.
அவளே கேட்டாள்,
மாதத் தவணையில் ஒரு சின்னக் கடன் உண்டாமே,
தாசையன் கணக்கை அடைத்துவிட.
உண்டு என்றேன்.
விண்ணப்பத்துக்கு ஒரு தடவை விரல்,
பணம் எடுக்க இன்னொரு தடவை.
நடுவில் இரண்டு வாரம், கூடவும் ஆகலாம்.
"திங்கக்கெழம ஆபீஸ் தொறக்கானுவ" என்றாள்.
பிறகு தன் சுண்டுவிரலையே
யாரோ வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.
"இப்பமே வை பிள்ளே, மழையில வெறைக்கதுக்கு முன்ன."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்
வேலை விட்டு வரும் கூட்டத்தில் கண்டேன்.
ஒன்பது விரலும் கறுப்பு.
இடது சுண்டுவிரலில் மட்டும்
சைக்கிள் டியூபை வெட்டிச் செருகி
நூலால் கட்டியிருந்தாள்.
அந்த விரல் மடங்காததால்
நாளொன்றுக்கு அரைக்கிலோ குறையுமாம்.
அதையும் கணக்குப் போட்டுத்தான் கட்டியிருக்கிறாள்.

மேஸ்திரி கேட்டானாம்,
காயமா என்று.
"இல்ல," என்றாளாம், "பேங்கு."