பெரட்டு

மூன்று தரம் கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள் புவனமலர்.
அதற்குப் பிறகும்
அவள் பேரில் கத்தார் தம்பியிடம்
யாரோ காசு கேட்டான்.

பூட்டை உடைக்கவில்லை, அக்கா.
காலைப் பெரட்டில் ஒருதரம் பேர் பதிந்தால்
அந்திவரை மலையில்
நீ யாரென்று யார் கேட்கிறார்கள்?
அந்தப் பதிவைத்தான் உருவியிருக்கிறான்,
ஓசியில் இறக்கிய படத்தோடு வந்தவன்.
உன் பேரில் கொழுந்து நிறுக்கிறான்.

ஹட்டன் கடையில் கரண்ட் போய் வந்தது.
‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’
அமுக்கினேன்.
அவனோடு சேர்த்து
அவளையும் வெளியே தள்ளிவிட்டு
பேர் கேட்டது திரை.

எழுத்தெழுத்தாய்த் தட்டினாள்.
பிறகு தம்பிக்குக் கோல் எடுத்தாள்.

ஹலோ சொல்லவில்லை அவன்.
“நீ அக்காதான்னா
லயத்துல நம்ம நாய்க்கு
என்னா பேரு, சொல்லு.”