இரண்டாம் எண் ஜன்னல்

பெயர் வைக்கவே பதினோரு நாள் போயிற்று.
‘தென்காற்று’ என்று எழுதி அடித்தேன்.
‘எர்மெலிந்தாவின் குறிப்புகள்’
செத்தவளின் டைரி போலிருந்தது.
கடைசியில் நான் உட்கார்ந்து
டிக்கெட் கிழிக்கும் இடத்தின் பெயரையே வைத்தேன்:
இரண்டாம் எண் ஜன்னல்.
ஒன்றாம் எண் ஜன்னல் என்று ஒன்று
இந்தப் படகுத்துறையில் இருந்ததே இல்லை.
ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை.
முதல் தாளில் அதைத்தான் எழுதினேன்.

ஜூலையில் சிலோவே தீவில்
மழை நிற்பதில்லை, களைப்பாறுகிறது.
அச்சுப் பிசகிய கட்டணப் பட்டியலின் முதுகில்
நீல மையில் இருபது வரி.
கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டினேன்,
எழுத்து வெளியே பார்க்க.
வந்தவர்கள் பக்கத்திலிருந்த படகு நேரத்தைப் பார்த்தார்கள்.
ஒருவர் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்.
அவரை முதல் வாசகர் என்று
கணக்கில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் செவ்வாய்,
சால்மன் லாரி ஓட்டும் நிபால்தோ
விரலால் கண்ணாடியைத் தட்டினார்.
“ஏழாவது வரி தப்பு.
அந்த நாய் கறுப்பில்லை, பழுப்பு.”
அவருடைய நாய்தானாம் அது.
தெரியாமல்தான் எழுதியிருந்தேன், தெருநாய் என்று வேறு.
கறுப்பை அடித்துவிட்டு
பழுப்பு என்று எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது.
என் வார்த்தையோடு ஒருவர்
சண்டைக்கு வந்துவிட்டார்!

அதற்குப் பிறகு
மூக்குகளை எண்ண ஆரம்பித்தேன்.
குளிரில் கண்ணாடியோடு ஒட்டி வாசிப்பவர்கள்
ஆளுக்கொரு மூக்குத் தடம் விட்டுப்போவார்கள்.
காலையில் துடைக்கும் முன் எண்ணுவேன்.
ஒன்பது.
பதினான்கு.
கீழே, முழங்கால் உயரத்தில், ஒரு குழந்தை நாக்கால் வைத்தது
(அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் தீரவில்லை).

நடுக் கால்வாயில் ஜெனரேட்டர் படுத்துக்கொண்ட இரவை
பத்தே நிமிடத்தில் எழுதினேன்.
முப்பத்தொன்று.
தங்கை செனோபியா
என்னைக் கேட்காமல் வீட்டை விற்றதை
நாலு மாதம் நெஞ்சுக்குள் அரைத்து எழுதினேன்.
இரண்டு.
அதில் ஒன்று என்னுடையது.
தாள் நேராக இருக்கிறதா என்று
வெளியே போய்ப் பார்த்தபோது பட்டது.
மற்றது என்னுடையதற்கு நாலு விரல் மேலே.

அடுத்த வாரம் மறுபடி ஜெனரேட்டர்.
அதற்கடுத்த வாரமும்.
வெட்கமாகத்தான் இருந்தது.
ஒரு ஜெனரேட்டரிடம்
அத்தனை கதை கிடையாது.

மீன்பண்ணை மேலாளர் ஒருநாள் காரை விட்டிறங்கி வந்தார்.
தாளின் அடியில், சின்னதாக, கம்பெனி பெயர்;
மாதம் இருபதாயிரம் பெசோ.
பொய் சொல்லமாட்டேன்,
இரண்டு நாள் யோசித்தேன்.
குளிருக்கு விறகு வாங்கலாம், நல்ல பேனா வாங்கலாம்.
ஆனால் அந்தச் செவ்வாய்க்கு
வளைகுடாவில் வயிறு மேலே மிதந்த மீன்களைப் பற்றி
பாதி எழுதி வைத்திருந்தேன்.
மீதியை எழுதினேன்.
அவர் இப்போதெல்லாம்
டிரைவரை அனுப்பி டிக்கெட் வாங்குகிறார்.
டிரைவர் வாசித்துவிட்டுத்தான் போகிறான்.

செப்டம்பரில் காய்ச்சல்.
ஒரு செவ்வாய் விட்டுப்போயிற்று.
ஜன்னலில் வெறும் கண்ணாடி,
அதற்குப் பின்னால் வெறும் நாற்காலி.
புதன்கிழமை, தொண்டையில் கம்பளி சுற்றிக்கொண்டு
வந்து உட்கார்ந்தேன்.
மூன்றாவதாக ஒரு பெண்.
குனிந்தால்தான் அவள் முகம் ஜன்னலுக்குள் வரும்.
கூடையில் உருளைக்கிழங்கு, காலில் சேறு.
“செவ்வாய் எங்கே?” என்றாள்.
கொடுத்த கடனைக் கேட்கும் குரல்.

காய்ச்சல், என்றேன்.
அதற்கென்ன, என்பதுபோல் நின்றாள்.
பின்னால் வரிசை நெளிந்தது.
படகு இரண்டாம் முறை ஊதியது.
டிக்கெட் கட்டை இழுத்துக்கொண்டு,
வேலைக்காரியின் குரலில் கேட்டேன்:
போக மட்டுமா, போக வரவா?

“நான் எங்கும் போகவில்லை” என்றாள்.