சேங்கொட்டைக் குறி
(பினாங்கு, ஐப்பசி, 1914)

தீபாவளி போய்ப் பத்து நாள்.
விடியுமுன் கேட்ட சத்தத்தை
மிச்ச வெடி என்றுதான் நினைத்தேன்.
இரண்டாவது சத்தத்துக்கு
வெள்ளாவிப் பானை அடுப்பிலேயே நடுங்கியது.

ஆயர் ஈத்தாம் ஆற்றில்
எங்கள் துவைகல்லுக்குக் கடல் தெரியாது.
புகை தெரிந்தது.
தென்னைகளுக்கு மேலே, துறைமுகத் திசையில்,
கரிமூட்டையை யாரோ உதறியதுபோல்.

கொடியில் நூற்றுப் பதினொரு உருப்படி.
எல்லாம் ருசியாக்காரன் கப்பலுடையவை.
அதன் பேர் எங்கள் வாயில் நுழையாது;
முத்து என்று அர்த்தமாம், சம்பான்காரச் சீனன் சொன்னான்.
எங்கள் நோட்டில் அது முத்துக்கப்பல்.
குறி: ஒரு கோடு, கீழே மூன்று புள்ளி.
புதன்கிழமை பத்து மணிக்குக்
கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவை.

புதன்கிழமை பத்து மணிக்குக்
கப்பல் இல்லை.
கொடிமரத்து நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே,
துணி உலர்த்த
முளை அடித்துவிட்டுப் போனதுபோல்.

சந்தையில் பேச்சு:
செருமானியன் கப்பலுக்கு மூன்றே புகைக்கூண்டு.
நாலாவது ஒன்றைக் கட்டிக்கொண்டு
இங்கிலீசுக் கப்பல்போல உள்ளே வந்தானாம்.
எதால் கட்டினான் என்றேன்.
கித்தான் துணியாம்.

துணியா?
என்னைக் கேட்டிருக்கலாம் துரைமார்.
இருட்டிலும் சொல்லியிருப்பேன்:
காற்றில் இரும்பு நிற்பது வேறு,
துணி நிற்பது வேறு.

இந்தத் தீவில் ருசியாவுக்கு ஒரு தென்னை கிடையாது.
செருமானியனுக்கு ஒரு வரப்புத் தகராறு கிடையாது.
இரண்டு கடலுக்கு நடுவே
வாசற்படிபோல் கிடக்கிறது ஊர்;
போகிறவன் வருகிறவன் எல்லாம் மிதிக்கிறான்.

மறுநாள் உதுமான் வந்தார், கடல் போலீஸ்.
தோளில் சாக்கு, சாக்கில் ஈரச் சட்டைகள்.
கரை ஒதுங்கியவர்களிடம் கழற்றியவை.
"முகத்தை வைத்து ஆள் சொல்ல முடியவில்லை.
உங்கள் குறியை வைத்து முடியுமா?"

அவர் நோட்டைப் பிரித்தார்.
"ஆராயி, விளக்கை இன்னும் கிட்டப் பிடி."
கழுத்துப்பட்டிக்கு உள்பக்கம்
கோடு, மூன்று புள்ளி,
பக்கத்தில் ஆளுக்கு ஒன்று:
பிறை. பெருக்கல். மீன்முள். வெறும் வட்டம்.
சேங்கொட்டைக் கறை சாகும்வரை போகாது என்போம்.
அதற்குப் பிறகும் போகவில்லை.

பிறையை எனக்குத் தெரியும். மஞ்சள் தாடி.
மேல்தட்டிலிருந்து என் மகனுக்கு
மிட்டாய் எறிந்தவன்.
மீன்முள்ளுக்கு எப்போதும் முழங்கையில் கிழியும்.
வட்டம் யாரென்று எங்கள் இருவருக்கும் நினைவில்லை.
வட்டம் என்றே எழுதிக்கொண்டு போனார் உதுமான்.

பாக்கி நாலு வெள்ளி இருபத்தைந்து காசு.
துறைமுக ஆபீசில்: எங்கள் கப்பல் இல்லை.
பிரெஞ்சுக் கோன்சல் வீட்டில்
சமையல்காரன் கதவைத் திறந்தான்,
சாத்தினான்.

மூட்டை உத்தரத்தில் தொங்கியது.
மழை விடவில்லை; பூசணம் ஏறும் என்று
எல்லாவற்றையும் மறுபடி அலசிப் போட்டேன்.
இந்தச் சலவைக்குக் கணக்கு எழுதவில்லை.
வட்டத்தின் இன்னொரு சட்டை அதில் இருந்தது,
இரண்டாம் பொத்தான் இல்லாமல்.
வெள்ளையில் அதே அளவு கிடைக்கவில்லை,
சிப்பிப் பொத்தான் வைத்துத் தைத்தேன்.

நேற்று சப்பான் கப்பல் வந்தது.
இப்போதைக்கு அவன் இங்கிலீசுக்காரனுக்குச் சிநேகிதன்.
துணி வந்தது, அரிசிக் கஞ்சி வாசத்தோடு.
அவர் சேங்கொட்டையைக் குத்தி
ஊசியை நனைத்துக்கொண்டு கேட்டார்:
"கோடும் மூன்று புள்ளியும்
சும்மாதானே கிடக்கிறது?"

கிடக்கட்டும் என்றேன்.
நாலு புள்ளியாகப் போடுங்கள்.